புள்ளி சிவப்பு, துணியில் வந்தது வெள்ளை

கார்மேல் தெறித்திருந்த பெயின்ட் புள்ளி சிவப்பு. துடைத்த துணியில் வந்ததோ வெள்ளை. பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு வேலை முடிந்திருந்தது.

2019 ஆடி மாதம். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் தகர ஷெட் போட்டு வாட்டர் சர்வீஸ் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கழுவுவது, உள்ளே வேக்யூம் போடுவது என்று இருந்தவன், பாலிஷும் செய்கிறேன் என்று அப்போதுதான் போர்டில் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எங்கள் ஏரியாவுக்கே வாத்தியார், தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெங்களூரில் மகன் வீட்டுக்குப் பஸ்ஸில் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்திருக்கிறார். வண்டி நின்ற காலி மனைக்கு அடுத்தாற்போல் ஒரு கிரில் பட்டறை. பெரிய கேட் ஒன்றுக்கு, துரு பிடிக்காமலிருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயின்டை ஸ்ப்ரே பண்ணியிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், பெயின்ட் எம்மாத்திரம்?

சாதாரண ஸ்ப்ரே கன்னில் அடிக்கிற பெயின்டில் பாதிக்கு மேல் பொருளில் ஒட்டாமல் காற்றோடு போய்விடும். கிரில் கேட் என்றால் கேட்கவே வேண்டாம், கம்பியைவிட ஓட்டைதான் அதிகம். பானெட்டில் கை வைத்துத் தடவினால் ரவையைக் கொட்டி ஒட்டவைத்த மாதிரி நறநறவென்று இருந்தது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வெள்ளைக் கார் லேசாக ரோஸ் நிறம்.

"தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும்லப்பா?" என்றார் வாத்தியார்.

"போயிடும் சார், அரை மணி நேர வேலை."

இந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. பெயின்டர்கள் கன் கழுவுவது தின்னரில். கையில் பட்ட பெயின்டைத் துடைப்பதும் தின்னரில். பெயின்டைப் போக்குவது தின்னர், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பனியன் வேஸ்ட்டை நனைத்து இடது ஃபெண்டரில், அதாவது முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகட்டில், ஒரு இழு இழுத்தேன். சிவப்புப் புள்ளிகள் கரைந்து வந்தன. சந்தோஷமாக இன்னொரு இழுப்பு. அப்போதுதான் துணியில் வெள்ளை. ஃபெண்டரில் அந்த இடம் பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி செத்துக் கிடந்தது. விரல் வைத்தால் பிசுபிசுத்தது.

மற்ற பக்கமெல்லாம் அதே தின்னருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் குழப்பமே. பானெட்டில் ஓரமாக ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. ஃபெண்டர் மட்டும் ஏன்? வாத்தியாரிடம் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதுவா, தை மாசம் எருது விடும் விழா அன்னிக்கு ஒரு மாடு வந்து இடிச்சிடுச்சுப்பா. பட்டி பாத்து பெயின்ட் அடிச்சது அது" என்றார். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. நான்தான் கேட்கவே இல்லையே.

டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருடமாகக் கன் பிடித்த கை. அவர் திட்டவில்லை, சிரித்தார். அது அதைவிட மோசம். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

பெயின்ட் காய்வதில் மூன்று விதம் உண்டு. ஒன்று, தின்னர் ஆவியாகிப் போனால் மிச்சம் படலமாக நிற்பது. என்சி என்று பட்டறையில் சொல்கிற பழைய லாக்கர் இந்த ரகம். எத்தனை வருடம் ஆனாலும் தின்னர் பட்டால் திரும்பக் கரையும், ஏனென்றால் அது உள்ளுக்குள் எதுவும் மாறவே இல்லை. இரண்டாவது எனாமல், கிரில், கேட், ஜன்னல் கம்பிக்கு அடிப்பது. காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்து இறுகும். தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும், முழுதாக இறுக நாட்கள் ஆகும். மூன்றாவது, பெயின்டோடு ஹார்ட்னர் என்கிற இறுக்குமருந்தைக் கலந்து அடிக்கிற டூ-கே. இரண்டும் சேர்ந்து புதுப் பொருளாகவே ஆகிவிடும். இறுகினபின் தின்னர் அதைக் கரைக்காது. ஃபேக்டரியில் கார் பாடிக்கு அடிப்பது இன்னும் ஒரு படி மேல், 140 டிகிரி வாக்கில் அடுப்பில் வேகவைத்து எடுப்பது. வாத்தியார் காரின் பானெட் வெந்த பெயின்ட், ஃபெண்டர் வேகாத என்சி. மேலே விழுந்தது இரண்டிலும் ஒரே ரெட் ஆக்சைடு.

அதாவது நான் ஒரு பெயின்டைப் பற்றி மட்டும் யோசித்தேன். அங்கே இருந்தது இரண்டு. விழுந்தது எது என்பதைவிட, எதன்மேல் விழுந்தது என்பதுதான் பெரிய கேள்வி. ஃபெண்டரை மறுபடி அடித்துக் கொடுக்க 3,500 ரூபாய் என் கையிலிருந்து போனது. பாலிஷுக்கு நான் பேசியிருந்த கூலி 800.

அத்தோடு தின்னரை விட்டிருந்தால் நல்ல பிள்ளை. விடவில்லை. பாடிக்குத்தானே ஆகாது என்று அடுத்த வருடம் வேறொரு வண்டியின் ஹெட்லைட்டில் இருந்த புள்ளிகளுக்கு எடுத்தேன். துடைத்ததும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வண்டிக்காரர் வந்து நின்றபோது இரண்டு ஹெட்லைட்டிலும் உள்ளுக்குள் சிலந்தி வலை பின்னின மாதிரி மெல்லிய கீறல்கள். வெளியே தடவினால் கைக்கு ஒன்றும் தட்டாது, வெயிலில் பார்த்தால் வலை. ஹெட்லைட் கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே வெயில் தாங்க ஒரு மெல்லிய கோட்டிங் இருக்கும். தின்னரும் அசிட்டோனும் அந்தக் கோட்டிங்கைத் தின்றுவிட்டு பிளாஸ்டிக்குக்குள் இறங்கும். அச்சில் வார்க்கும்போது உள்ளே தங்கின இறுக்கம் அந்த நேரம் பார்த்து வெடிப்பாக வெளியே வரும். இதைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. புது ஜோடிதான். அந்த ஹெட்லைட் ஒன்று இன்றும் என் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. புதுப் பையன் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

பெட்ரோல் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் கறை என்றாலே ஆளாளுக்குச் சொல்கிற மருந்து பெட்ரோல். ஷெட்டுக்குள், ஷட்டர் பாதி இறங்கியிருக்க, என்னிடம் வேலை செய்த பையன் ஒரு பம்ப்பரை பெட்ரோலில் துடைத்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரத்தில் "அண்ணா, தலை சுத்துதுண்ணா" என்று வெளியே வந்து உட்கார்ந்தான். மூன்றடி தள்ளி வேக்யூம் கிளீனர் ஓடிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அதன் மோட்டாரில் ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோடு படர்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அதில் கொஞ்சம் இருக்கிறது. அன்றோடு ஷெட்டுக்குள் பெட்ரோல் துணி கிடையாது. கையுறை போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: நீல நைட்ரைல் கையுறையை அசிட்டோனும் தின்னரும் சீக்கிரமே ஊடுருவிவிடும்.

பிளேடு போடுகிற கூட்டம் தனி. என்னிடம் வருகிற பாதி வண்டிகளில், எனக்கு முன்னால் யாரோ பிளேடு போட்டிருப்பார்கள், பெரும்பாலும் வண்டிக்காரரே. காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் கறுப்புக் காரின் கூரை முழுக்க ஷேவிங் பிளேடால் சுரண்டியிருந்தார். புள்ளிகள் உண்மையிலேயே போயிருந்தன. பதிலுக்குப் பிறை வடிவில் நூற்றுக்கணக்கான கீறல்கள். பிளேடின் நடுப்பகுதி சமமாகத்தான் போகும், வெட்டுவது இரண்டு மூலைகள். கண்ணாடியில் புது பிளேடு, நிறைய சோப்புத் தண்ணீர், சாய்த்துப் பிடித்த கை என்றால் நானும் போடுவேன். பாடியில் மாட்டேன். பிளாஸ்டிக் பிளேடு கிடைக்கிறது, கட்டியாக விழுந்த சொட்டுக்கு அது உதவும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக் ஆயில் ஊற்றினால் புள்ளியோடு பெயின்டும் பாயாக உரிந்து வரும். சிமென்ட் புள்ளிக்குப் பாத்ரூம் ஆசிட் போட்ட ஒருவரின் அலாய் வீல் சாம்பல் பூத்துப்போனது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மண்ணெண்ணெய் பெயின்டை ஒன்றும் செய்யாது, ஆனால் கதவு பீடிங் ரப்பர் ஊறி உப்பிக்கொள்ளும், எண்ணெய்ப் படலம் தங்கி நம் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் ஒட்டும்.

உப்புத்தாள் மட்டும் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் அது முழுத் தப்பும் இல்லை, தொழில் தெரிந்தவர்களே செய்வது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு மெஷினில் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைப் போட்டால் எப்படிப்பட்ட புள்ளியும் போகும். கணக்கைப் பாருங்கள். ஃபேக்டரி பெயின்ட், தகரத்திலிருந்து மேல் வரை மொத்தமே 100லிருந்து 150 மைக்ரான். 80, 90 மட்டுமே இருந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். நம் தலைமுடி ஒன்று 70 மைக்ரான் வாக்கில் இருக்கும். அந்தப் பெயின்டில் மேலாக இருக்கிற நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட், 35லிருந்து 50. வெயிலைத் தடுக்கிற சரக்கு இருப்பது இந்தக் கிளியரில்தான். உப்புத்தாளும் காம்பவுண்டும் சேர்ந்து அஞ்சாறு மைக்ரானைச் சுலபமாகக் கொண்டுபோய்விடும். கார் பளபளவென்று போகும். இரண்டு வருடம் கழித்து, சித்திரை வெயிலில் நிற்கிற கூரையில் கிளியர் பாம்புச் சட்டை மாதிரி உரியும்போது, நீங்கள் செய்த வேலை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால்தான் இன்னும் பலர் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பாடியின் மடிப்புக் கோடுகளில் இன்னும் மோசம். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே கூர்மையான விளிம்பை விட்டு இரண்டு பக்கமும் வழிந்துவிடும், அதனால் அங்கே படலம் எப்போதும் மெலிசு. சுழன்று தேய்க்கிற ரோட்டரி மெஷின் அந்தக் கோட்டில் மூன்று செகண்ட் நின்றால் அடிப்பூச்சான பிரைமர் தெரியும். இதுவும் நான் செய்ததுதான். ஆனால் பழகுவதற்காகப் பழைய இரும்புக் கடையில் வாங்கின கதவில் செய்தது. புத்தி கொஞ்சம் வந்திருந்த காலம்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

வண்டி வந்ததும் கை வைப்பதில்லை, வாயைத் திறக்கிறேன். எங்கே நின்றது, பக்கத்தில் என்ன அடித்தார்கள், எத்தனை நாள் ஆச்சு, வண்டி எங்காவது அடிபட்டு பெயின்ட் அடித்ததா? கடைசிக் கேள்விக்குப் பாதிப் பேர் "இல்லவே இல்ல" என்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. அதனால் பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன். 120, 125 என்று காட்டிக்கொண்டே வந்து ஒரு கதவில் திடீரென்று 280 என்றால் அது மறுபடி அடித்த கதவு. 600, 700 என்றால் அடியில் பட்டி. பம்ப்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது, அடியில் உலோகம் வேண்டும். பம்ப்பரைப் பொறுத்தவரை எல்லாமே மறுபடி அடித்ததுதான் என்று வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அடுத்ததுதான் நான் கற்றதிலேயே உருப்படியான விஷயம். எந்தக் கரைப்பான் கேட்கும் என்று பாடியில் சோதிக்க வேண்டியதே இல்லை. பானெட்டில் விழுந்த அதே பெயின்ட் கண்ணாடியிலும் விழுந்திருக்கும். முன் கண்ணாடியின் நடுவில், ரப்பரை விட்டுத் தள்ளி, முதலில் வெறும் சோப்புத் தண்ணீர், பிறகு டர்பன்டைன், பிறகு தார் எடுக்கிற லிக்விட் என்று ஒவ்வொன்றாக, மென்மையானதிலிருந்து ஆரம்பித்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்க்கிறேன். சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் புதுசாக இருந்தால் சோப்புத் தண்ணீரே போதும். கொஞ்சம் காய்ந்திருந்தால் ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்தால் இளகும். நேற்று விழுந்த எனாமல் டர்பன்டைனுக்கு வரும். எதற்கும் அசையவில்லையென்றால் பெரும்பாலும் டூ-கே, அல்லது அதேபோல் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற எபாக்ஸி. கரைக்கிற யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும். கண்ணாடியில் கேட்ட மருந்தை அடுத்து கதவைத் திறந்து, உள்பக்க விளிம்பில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு சொட்டு. ஒரு நிமிடம். வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கிறேன். மறுபடி அடித்த பேனல் இருந்தால் அதற்குத் தனிச் சோதனை. துணியில் காரின் நிறம் வந்தால் அந்த மருந்து அந்தப் பேனலுக்குக் கிடையாது.

அதன் பிறகு கிளே பார். பார்க்கப் பிள்ளைகள் விளையாடுகிற களிமண் மாதிரி இருக்கும். கொஞ்சம் பிய்த்து, உள்ளங்கை சூட்டில் பிசைந்து, தோசை மாதிரித் தட்டி, வழுக்க வழுக்க ஷாம்பூ தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுப்பது. புள்ளி மேலே நீட்டிக்கொண்டு இருப்பதால் கிளே அதன் தலையைப் பிடித்துப் பிடுங்கும். முதல் இழுப்பில் நறநற சத்தம், மூன்றாவதில் குறையும், ஏழெட்டில் சத்தமே இருக்காது. காது சொல்லும், கண் அப்புறம்தான். தூரத்திலிருந்து பாதி காய்ந்து வந்து விழுந்த புள்ளிகள் சும்மா உட்கார்ந்திருக்கும், சுலபமாக வந்துவிடும். பக்கத்திலிருந்து ஈரமாக விழுந்தவை கடித்துக்கொண்டு இருக்கும், அதற்குப் பொறுமை வேண்டும்.

கிளே கீழே விழுந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான். கழுவினால் போகாது, நம் ஊர் கிரானைட் மணல் அதற்குள் ஏறிக்கொண்டால் அதுவே உப்புத்தாள். வெயிலில் செய்யவே கூடாது, பானெட் சூட்டில் ஷாம்பூ காய்ந்து கிளே ஈஷிக்கொள்ளும். தண்ணீரும் முக்கியம். எங்கள் போர் தண்ணீர் அப்படியொரு உப்பு, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு நிற்கும். கிளே வேலைக்கு மட்டும் ஒகேனக்கல் குடிதண்ணீர் வருகிற அன்று இரண்டு குடம் பிடித்து வைப்பேன். வீட்டில் இதற்குத் திட்டும் உண்டு. கிளே போட்டபின் லேசான மங்கல் வரும், கறுப்பில் நன்றாகவே தெரியும். அதற்கு மென்மையான பாலிஷ் ஒரு கை. இதைக் கூலியிலேயே முதலில் சொல்லிவிட வேண்டும்.

2022ல் மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றில் கூரைத் தகடுக்கு சாம்பல் நிற பெயின்ட் அடித்ததில், உள்ளே நின்ற ஒன்பது வண்டிகள் மாட்டின. கண்ணாடியில் தொட்டுப் பார்த்தேன், டர்பன்டைனுக்கு அசையவில்லை, தார் லிக்விடுக்கும் அசையவில்லை. ஹார்ட்னர் கலந்தது. ஒன்பதையும் கிளேயில்தான் எடுத்தோம், நானும் இரண்டு பையன்களும். வெள்ளை வண்டி ஒரு நாள், கறுப்பு வண்டி இரண்டு நாள். ஒரு வண்டியின் டிக்கி ஓரத்தில் மீட்டர் 74 காட்டியது, யாரோ முன்னமே நிறையத் தேய்த்திருக்கிறார்கள். அங்கே கிளேக்கு வராத நாலைந்து புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு, வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. எடுத்தால் புள்ளி போகும், கூடவே பெயின்டும் போகும் என்றேன். இருக்கட்டும் என்றார்.

கிரில் பட்டறைக்காரரிடம் அந்த 2019லேயே ஒரு தரம் போய்ப் பேசினேன். "ஏங்ணா, காத்துக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் டீ குடித்துவிட்டு வந்தேன். ஆனால் மனுஷன் நல்லவர், இப்போதெல்லாம் பெரிய கேட் அடிக்கிற நாளில் ஓலைத் தடுப்பு கட்டுகிறார், காலையிலேயே பக்கத்து மனையில் நிற்கிற வண்டிகளை எடுக்கச் சொல்லிவிடுகிறார்.

வாத்தியார் இன்னும் வண்டியை என்னிடம்தான் கழுவ விடுகிறார். திரும்ப அடித்த ஃபெண்டரின் வெள்ளை, மற்ற வெள்ளையோடு இன்றுவரை சேரவில்லை, சாயங்கால வெயிலில் நன்றாகவே தெரியும். யாராவது பக்கத்தில் நின்றால் போதும், அதைத் தட்டிக் காட்டுவார்.

"இது மொதல்ல மாடு இடிச்சது. அப்புறம் இவன் இடிச்சது."